ஒட்டித் திரளும் கிருமிகளும் மலாயாவின் புதர்க் காய்ச்சலும்

தமிழ் ஓர் ஒட்டுநிலை மொழி என்பது தமிழாசிரியர் யாவரும் அறிந்த செய்தி. 'வீடுகளிலிருந்து' என்னும் ஒரு சொல்லில் பெயரும், பன்மை விகுதியும், உருபும், சொல்லுருபும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நிற்கின்றன. இந்நிலையைக் குறிக்க ஐரோப்பிய மொழிநூலார் பசை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து 'அக்ளூட்டினேசன்' என்னும் பெயரை ஆக்கிக்கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிருமிநூலாரும் அதே பெயரை எடுத்தாண்டனர். மொழிநூலில் அது சொற்களின் ஒட்டு. மருத்துவ ஆய்வகத்தில் அது கிருமிகளின் ஒட்டு. சோதனைக் குழாயில் பால்போல் கலங்கி நிற்கும் கிருமிநீரில் நோயாளியின் குருதித் தெளிவு சிறிது சேர்ந்தவுடன், தனித்தனியே மிதந்த கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படிகின்றன. மேலே நீர் தெளிகின்றது. கண்ணால் பார்க்கக்கூடிய இந்த எளிய மாற்றமே, பெயர் தெரியாத பல காய்ச்சல்களுக்குப் பெயர் தந்தது. அவற்றுள் ஒன்று மலாயாத் தோட்டங்களில் மக்களை வீழ்த்திய காய்ச்சல்.

திரட்சியை முதன்முதலிற் கண்டவர்கள் அதனால் ஆகக்கூடிய பயனை உணரவில்லை. 1889-இல் பிரான்சு நாட்டின் சாரென், ரோசே என்னும் இருவரும் நீலச்சீழ்க் கிருமியை, அந்நோய்க்கு எதிர்ப்பு அடைந்த விலங்கின் குருதித் தெளிவில் வளர்த்தபோது அது திரள் திரளாக வளர்வதைக் கண்டு குறித்துவைத்தனர். அவ்வளவே. ஏழாண்டுகள் கழித்து வியன்னாவில் மாக்ஸ் குரூபர் என்னும் பேராசிரியரின் ஆய்வகத்தில், எர்பர்ட்டு தர்ஹாம் என்னும் ஆங்கில இளைஞர் வாந்திபேதிக் கிருமியையும் டைபாய்டுக் கிருமியையும் கொண்டு ஆராய்ந்தார். ஒரு கிருமிக்கு எதிராக விலங்கின் குருதியில் உண்டான தெளிவு அந்தக் கிருமியைத் திரட்டுகின்றது. தொடர்பில்லாத வேறு கிருமியை அதே அளவிற்குத் திரட்டுவதில்லை. ஆகவே பெயர் தெரிந்த தெளிவு கையில் இருந்தால், பெயர் தெரியாத கிருமி எதுவென்று கண்டுகொள்ளலாம் என்று குரூபரும் தர்ஹாமும் 1896-இல் வெளியிட்டனர்.

அதே ஆண்டு சூன் திங்களில் பாரிசு நகரத்து மருத்துவர் பெர்னான் விடால் அந்தக் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பினார். கிருமியின் பெயர் தெரிந்திருக்கின்றது. தெரியாதது நோயாளியின் நோய். அப்படியானால் நோயாளியின் குருதித் தெளிவை எடுத்து, பெயர் தெரிந்த டைபாய்டுக் கிருமிமேல் விட்டுப் பார்த்தால் என்ன? திரண்டால் டைபாய்டு எனக் கொள்ளலாம். ஒரு வரியிற் சொல்லிவிடக்கூடிய மாற்றந்தான். ஆனால் ஆய்வகத்துக் கிருமிநூல் நோயாளியின் கட்டிலருகே வந்துசேர்ந்தது இந்த ஒரு வரியினாலேதான். குரூபரின் ஆய்வகத்திலேயே ஆல்பர்ட்டு குரூன்பாம் என்பவர் இதே வழியில் சென்றுகொண்டிருந்தார். அவருடைய கட்டுரை அச்சேறுமுன் விடாலின் கட்டுரை வெளிவந்துவிட்டது. பெயர் விடாலுக்குப் போயிற்று. குரூன்பாம், முதல் உலகப் போர்க்காலத்தில் லெய்ட்டன் எனத் தம் பெயரையே மாற்றிக்கொண்டமையால், பிற்காலத்தார் அவரை நினைப்பது இன்னும் அரிதாயிற்று.

விடாலின் முறை கடல் கடந்து பரவியது வியப்புக்குரிய வேகத்தில். அதே 1896-ஆம் ஆண்டிலேயே கனடாவின் மொந்திரியல் நகரில் வயட்டு ஜான்ஸ்டன், காகிதத்தில் உலரவிட்ட ஒரு சொட்டுக் குருதியே போதும் என்று காட்டினார். நாட்டுப்புற மருத்துவர் நோயாளியின் விரலைக் குத்தி ஒரு சொட்டை உலர்த்தி அஞ்சலில் அனுப்பலாம். நகரத்து ஆய்வகம் அதை நீரிற் கரைத்துச் சோதித்து விடை அனுப்பலாம். குருதி அஞ்சலிற் பயணம் செய்யும் காலம் அன்றே தொடங்கிவிட்டது.

திரட்சி ஏன் நிகழ்கின்றது? கிருமியின் உடல்மேலும், அதன் வாலைப்போன்ற நீந்தும் இழைகள்மேலும், சர்க்கரைப் பொருளாலும் புரதத்தாலும் ஆன நுண்ணிய வடிவங்கள் உள்ளன. அவை உடலுக்குள் புகுந்தவுடன் உடல் அவற்றிற்குச் சரியாகப் பொருந்தும் எதிர்ப்பொருள்களை ஆக்குகின்றது. பூட்டுக்குத் திறவுகோல் பொருந்துவதைப் போன்ற பொருத்தம் அது. இங்குக் கருதவேண்டியது, ஓர் எதிர்ப்பொருளுக்கு ஒரு கை மட்டும் இல்லை என்பதே. சிறியவகைக்கு இரண்டு கைகள். நோயின் தொடக்கத்தில் மிகுதியாகத் தோன்றும் பெரியவகைக்குப் பத்துக் கைகள். ஒரு கை ஒரு கிருமியைப் பற்ற, மற்றொரு கை அடுத்த கிருமியைப் பற்றுகின்றது. அந்தக் கிருமியை வேறோர் எதிர்ப்பொருளும் பற்றுகின்றது. இவ்வாறு பற்றிப் பற்றி மீன்வலைபோல் ஒரு பின்னல் உண்டாகின்றது. இவ்வலைக் கொள்கையை 1934-இல் விளக்கியவர் ஆங்கிலேயரான ஜான் மராக்.

பின்னல் உண்டாக உப்பும் வேண்டும். உப்பில்லாத நீரில் எதிர்ப்பொருள் கிருமியைப் பற்றினாலும் திரட்சி தோன்றுவதில்லை என்று பெல்சிய நாட்டின் சூல் போர்தே 1899-இல் காட்டினார். கிருமிகள் யாவும் ஒரே இன மின்னேற்றம் உடையவை. ஆதலின் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே மிதக்கின்றன. உப்பு அவ்விலக்கலைத் தணிக்க, கைகள் எட்டும் தொலைவிற்கு அவை நெருங்குகின்றன. பற்றுதல் ஒன்று, திரளுதல் வேறொன்று என இரண்டு படிகள் இதில் இருப்பதை அறியாதவர் பலமுறை ஏமாந்துள்ளனர்.

ஏமாற்றும் இடம் மற்றொன்றும் உண்டு. குருதித் தெளிவில் எதிர்ப்பொருள் அளவுக்குமேல் நிறைந்திருந்தால் திரட்சி தோன்றாமற் போகலாம். ஒவ்வொரு கிருமியும் தன்னைச் சுற்றிலும் எதிர்ப்பொருள்களால் மூடப்பட்டுவிட, அடுத்ததைப் பற்றவேண்டிய கைகளுக்குப் பற்ற இடமில்லை. நோய் கடுமையாக உள்ள ஒருவரின் முதற்குழாய் 'நோயில்லை' என்று பொய் சொல்லும். இதனாலேயே ஆய்வகத்தார் தெளிவை 20-இல் ஒரு பங்கு, 40-இல் ஒரு பங்கு, 80-இல் ஒரு பங்கு என்று இரட்டித்து இரட்டித்து நீர்த்து, ஒரு வரிசைக் குழாய்களை வைத்துப் பார்க்கின்றனர். திரட்சி கடைசியாகத் தென்படும் நீர்ப்பின் அளவே விடை. அவ்விடையும் ஒருநாட் சோதனையில் முழுமையன்று. முன்பு எப்போதோ டைபாய்டு கண்டவர், தடுப்பூசி போட்டுக்கொண்டவர் ஆகியோரின் குருதியிலும் எதிர்ப்பொருள் இருக்கும். சில நாட்கள் கழித்து எடுத்த இரண்டாவது குருதியில் அளவு நான்கு மடங்காவது ஏறியிருந்தால்தான் இப்போதைய காய்ச்சலுக்கு அது சான்றாகும். காய்ச்சலின் முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் தோன்றாமலே இருப்பதும் உண்டு. அவசரத்தில் இருக்கும் மருத்துவர் ஒரே சோதனையைக் கொண்டு தீர்ப்புக் கூறும் வழக்கம் இன்றும் பல நாடுகளில் மறையவில்லை. விடாலின் பெயருக்கு வந்த குறைகளிற் பாதி அவருடைய முறையின் குறையன்று.

குருதி அணுக்களும் இவ்வாறே திரளும். 1901-இல் வியன்னாவின் கார்ல் லான்ட்ஸ்டைனர், தம் குருதியையும் ஆய்வகத் தோழர் ஐவரின் குருதியையும் எடுத்து, ஒருவர் தெளிவை மற்றவர் அணுக்களோடு கலந்து, எது திரள்கிறது எது திரளவில்லை என அட்டவணை இட்டார். குருதி வகைகள் பிறந்தது அவ்வட்டவணையில். அந்தக் கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது, இங்கு விரிக்கவேண்டியதில்லை. ஆயினும் ஒன்று குறிப்பிடத்தக்கது. சிறிய எதிர்ப்பொருள்களின் இரண்டு கைகளும் இரு குருதி அணுக்களுக்கு இடையே உள்ள தொலைவை எட்டமாட்டா. அவை பற்றிக்கொண்டிருந்தும் திரட்சி தோன்றாது. 1945-இல் கேம்பிரிட்ஜில் ராபின் கூம்சு, மூராந்து, ரேசு என்பவர்களுடன் சேர்ந்து, எதிர்ப்பொருளையே பற்றக்கூடிய மற்றோர் எதிர்ப்பொருளை இடையில் ஊற்றிப் பாலம் கட்டினார். தாய்க்கும் கருவிலுள்ள குழந்தைக்கும் குருதி ஒவ்வாமையால் விளையும் கேட்டைக் கண்டறிய இன்றும் அப்பாலமே உதவுகின்றது.

இனிக் காய்ச்சலுக்கு வருவோம். முதல் உலகப் போரில் ஐரோப்பாவின் கிழக்குப் போர்முனையில் படைவீரர்களைக் குண்டுகளோடு பேன்களும் கொன்றன. பேன் பரப்பும் டைபசு என்னும் கொள்ளைக் காய்ச்சலே அதற்குக் காரணம். பெயர் ஒலிப்பில் டைபாய்டைப் போல் இருப்பினும் நோய் வேறு, கிருமியும் வேறு. டைபசுக் கிருமி உயிரணுக்களுக்குள் அன்றி வேறெங்கும் வளராது. ஆகவே அதைக் குழாயில் வளர்த்துத் திரட்சி பார்க்க வழியில்லை. 1915, 1916-ஆம் ஆண்டுகளில் கலீசியாவில் ஆஸ்திரியப் படையோடு இருந்த எட்மண்டு வைல், ஆர்தர் பெலிக்சு என்னும் இருவர், டைபசு நோயாளியின் சிறுநீரிலிருந்து புரோட்டியசு என்னும் சாதாரணக் கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்தனர். டைபசு நோயாளிகளின் குருதித் தெளிவு அதைத் திரட்டியது. அந்தப் புரோட்டியசோ டைபசை உண்டாக்கும் கிருமி அன்று. இதுதான் புதிர். விளக்கம் பின்னர் வந்தது: புரோட்டியசின் மேலுறையிலுள்ள சர்க்கரைப் பொருளின் வடிவமும் டைபசுக் கிருமியின் மேலுறையில் உள்ள ஒரு வடிவமும் ஒத்திருக்கின்றன. ஒரு வீட்டுத் திறவுகோல் வேறொரு வீட்டுப் பூட்டையும் திறந்தது போன்ற தற்செயல் ஒற்றுமை. அதனால் என்ன? வளர்க்க முடியாத கொடிய கிருமிக்குப் பதிலாக, எங்கும் எளிதில் வளரும் சாதுவான கிருமியைக் கொண்டு டைபசைக் கண்டுபிடிக்க வழி கிடைத்தது. அவர்கள் பிரித்தவற்றுள் 'எக்ஸ் 19' என எண்ணிட்டதே மிகச் சிறப்பாகத் திரண்டது.

டைபசை ஆராய்வது உயிரைப் பணயம் வைத்த தொழில். நோய்க்கிருமியின் இனப் பெயரிலும் சிற்றினப் பெயரிலும் நிலைத்துவிட்ட ரிக்கெட்சு 1910-இலும், புரோவாசெக்கு 1915-இலும் டைபசுக்கே இரையாயினர். வைலும் ஆய்வகத்தில் தொற்றிய டைபசால் 1922-இல் இறந்தார்.

பேன் பரப்பும் நோய், கம்பளி உடையும் கடுங்குளிரும் உள்ள நாடுகளின் நோய் என்பது அன்றைய எண்ணம். மலாயாவின் வெப்பத்தில் டைபசு எவ்வாறு வரும்? ஆயினும் 1920-களில் கோலாலம்பூர் மருத்துவமனைகளுக்கு ஒருவகை நோயாளிகள் வந்துகொண்டிருந்தனர். இரண்டு வாரம் விடாத காய்ச்சல், பொறுக்க முடியாத தலைவலி, உடலிற் சிவந்த தடிப்பு, சிலருக்குப் பிதற்றல். மலேரியா என்றால் குருதியில் மலேரியாக் கிருமி இல்லை. டைபாய்டு என்றால் விடால் சோதனையில் திரட்சி இல்லை. அக்காலத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். தோட்டத்துக் காய்ச்சல் என்றாலே கொயினாவைக் கொடுத்துவிடும் காலம் அது. பெயர் தெரியாத காய்ச்சலால் இறந்தவர், எந்தப் பெயர் கைக்கு வந்ததோ அந்தப் பெயரின்கீழ் எழுதப்பட்டார்.

1900-இல் நிறுவப்பட்ட கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் அப்போது பணியாற்றியவர் வில்லியம் பிளெட்சர். தவிடு நீக்கிய அரிசிக்கும் பெரிபெரி நோய்க்கும் உள்ள தொடர்பை 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் சோதித்துக் காட்டியவரும் இவரே. இவரும் லெஸ்லர் என்னும் துணை ஆய்வாளரும் இந்நோயாளிகளின் குருதித் தெளிவை வைல்-பெலிக்சு முறையில் சோதித்தனர். கழகத்தில் 'எக்ஸ் 19' என்று பெயரிட்ட புரோட்டியசு வளர்ப்பு ஒன்றல்ல, இரண்டு இருந்தன. ஒன்று வார்சா நகரத்து வழி வந்தது. மற்றொன்று கழகத்தைச் சேர்ந்த கிங்ஸ்பரி என்னும் மருத்துவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது. இரண்டும் ஒரே கிருமி என்பதே எவரும் கொண்ட கருத்து. புட்டியின் மேல் அவ்வாறுதான் எழுதியிருந்தது.

ஆனால் குழாய்கள் வேறு கதை கூறின. சில நோயாளிகளின் தெளிவு வார்சா வளர்ப்பை மிகுந்த நீர்ப்பிலும் திரட்டியது. கிங்ஸ்பரி வளர்ப்பைத் தொடவில்லை. வேறு சிலரின் தெளிவு கிங்ஸ்பரி வளர்ப்பைத் திரட்டியது. வார்சா வளர்ப்பு பால்போலவே கலங்கி நின்றது. ஒரே பெயருள்ள இரண்டு புட்டிகள் இவ்வாறு முரண்பட்டால், ஏதோ ஒன்று கெட்டுவிட்டது என்று கருதிக் கீழே ஊற்றிவிடுவதே எந்த ஆய்வகத்திலும் இயல்பாக நடப்பது. பிளெட்சரும் லெஸ்லரும் அவ்வாறு செய்யவில்லை. எந்தத் தெளிவு எந்த மனிதருடையது, அவர் எங்கிருந்து வந்தவர், என்ன தொழில் செய்தவர் என்று பதிவேட்டைப் புரட்டினர். முரண்பாடு அங்கே முறைப்பாடாக மாறியது. வார்சா வளர்ப்பைத் திரட்டியவர்கள் நகரத்தார். கடைகளிலும் பண்டசாலைகளிலும் வேலை செய்தவர்கள். கிங்ஸ்பரி வளர்ப்பைத் திரட்டியவர்கள் வெளியில் திரிந்தவர்கள். லாலாங் புல் மண்டிய நிலத்தையும் புதரையும் வெட்டித் திருத்தியவர்கள், செம்பனைத் தோட்டங்களில் உழைத்தவர்கள்.

இவ்விருவரும் 1925, 1926-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கைகளில், மலாயாவில் டைபசு இருக்கின்றது என்பதோடு, அது இருவகையாக இருக்கின்றது என்பதும் நாட்டப்பட்டது. நகர டைபசை எலிகளின் தெள்ளுப்பூச்சி பரப்புகின்றது என்பதும், புதர் டைபசைப் புல்லில் காத்திருக்கும் கண்ணுக்கு அரிதான செந்நிறச் சிற்றுண்ணியின் இளம்புழு பரப்புகின்றது என்பதும் பின்னர்த் தெளிவாயின. கிங்ஸ்பரியின் புட்டியில் இருந்தது எக்ஸ் 19 அன்று. புரோட்டியசின் வேறோர் இனமே அது என்பதும் பிற்காலத்தில் உறுதிப்பட்டது. தவறான பெயர்ச்சீட்டு ஒட்டிய ஒரு புட்டி இல்லாதிருந்தால், தோட்டத்துக் காய்ச்சல் இன்னும் பல்லாண்டு பெயரின்றியே இருந்திருக்கும்.

இக்கதையில் மற்றொரு முடிச்சும் அவிழவேண்டியிருந்தது. சப்பானில் ஆற்றங்கரை உழவரிடையே 'சுட்சுகாமுசி' என்னும் கொடிய காய்ச்சல் நெடுங்காலமாக இருந்துவந்தது. அதுவும் சிற்றுண்ணியால் வருவதே. ஆனால் சப்பானிய நோயாளிகளின் உடலில், பூச்சி கடித்த இடத்தில் கரிந்த புண்ணொன்று காணப்படும். மலாயாவின் புதர்க் காய்ச்சலில் அப்புண் பலரிடம் காணப்படவில்லை. ஆகவே இரண்டும் வெவ்வேறு நோய்களே என்று கருதினர். பிளெட்சருக்குப்பின் அதே கழகத்தில் லூத்வெயிட்டும், சவூர் என்னும் இந்திய மருத்துவரும் 1930-களில் பல்லாண்டு விலங்குகளில் சோதித்தனர். ஒன்றிலிருந்து பிழைத்த விலங்கு மற்றொன்றுக்கும் எதிர்ப்புப் பெற்றிருந்தது. இரண்டும் ஒரே நோய் என்று 1940-இல் அவர்கள் முடிவு கூறினர். அம்முடிவு காலத்தோடு வந்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மா, அசாம், நியூகினி ஆகிய இடங்களின் காடுகளில் ஆயிரக்கணக்கான படைவீரர்கள் இக்காய்ச்சலில் வீழ்ந்தபோது, படைமுனை ஆய்வகங்கள் அதைக் கண்டறிந்தது கோலாலம்பூரில் பெயர்பெற்ற கிங்ஸ்பரி வளர்ப்பைக் கொண்டே.

நோயின் பெயர் தெரிந்தும் மருந்து இல்லை. நல்ல செவிலியர் பணிவிடையே மருந்தாக இருந்தது. 1948-இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் சோசப்பு ஸ்மடலின் குழுவினர், வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பெற்ற குளோரோமைசெட்டின் என்னும் புது மருந்தைக் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்தனர். புதர் டைபசு நோயாளிகளுக்கு அது கொடுக்கப்பட்டது. மருந்து உட்கொண்ட ஓரிரு நாட்களிற் காய்ச்சல் இறங்கியது. லூத்வெயிட்டும் சவூரும் அந்த ஆய்விற் பங்கேற்றனர்.

அங்கே எதிர்பாராதது நிகழ்ந்தது. புதர் டைபசு என்று கருதி மருந்து கொடுக்கப்பட்ட நோயாளிகளுள், ஆய்வக விடை வந்தபோது, டைபசு அன்று டைபாய்டு எனத் தெரிந்தவரும் இருந்தனர். அதுவரை உலகில் எந்த மருந்துக்கும் டைபாய்டு மசிந்ததில்லை. இங்கோ காய்ச்சல் தணிந்தது. தியோடர் உட்வர்டும், ஸ்மடலும், மலாயாவில் பணிபுரிந்த கிரீன், மங்கிகார் முதலியோரும் உடனே வேறு சில டைபாய்டு நோயாளிகளுக்கும் அம்மருந்தைக் கொடுத்துப் பார்த்து, அதே ஆண்டில் செய்தியை வெளியிட்டனர். டைபாய்டுக்குக் கிடைத்த முதல் உறுதியான மருந்து கோலாலம்பூரில் ஒரு நோய்க் குழப்பத்தின் வழியாகக் கிடைத்தது. இரண்டு காய்ச்சல்களையும் வேறு பிரிக்க ஆய்வகம் அறியாதிருந்தால், தணிந்தது எந்தக் காய்ச்சல் என்பதையே எவரும் அறிந்திரார்.

வைல்-பெலிக்சு சோதனையின் சிறந்த நாட்கள் கடந்துவிட்டன. நோயுள்ளவருட் பலரை அது தவறவிடுகின்றது. நோயில்லாத சிலரையும் நோயாளி என்கின்றது. உண்மையான நோய்க்கிருமியையே கோழிமுட்டைக் கருவிலும் உயிரணு வளர்ப்புகளிலும் வளர்க்கக் கற்றபின், அதன்மேல் எதிர்ப்பொருள் ஒளிர்வதை நுண்காட்டியிற் காணும் முறையும், கிருமியின் மரபுப் பொருளைப் பெருக்கிக் காணும் முறையும் வந்தன. டைபாய்டிலும் குருதியில் கிருமியை வளர்த்துப் பார்ப்பதே உறுதியான சான்று என மருத்துவர் கொள்கின்றனர். புதர்க் காய்ச்சலின் கிருமிக்கே பெயர் மாறிவிட்டது; ரிக்கெட்சியா என்னும் இனத்திலிருந்து 1995-இல் அதைப் பிரித்து ஓரியன்சியா என்னும் தனி இனத்தில் வைத்தனர். கீழ்த்திசைக்கு உரியது என்பது அப்பெயரின் பொருள்.

திரட்சி மட்டும் ஆய்வகத்தை விட்டுப் போகவில்லை. குருதி ஏற்றுமுன் வகை பார்ப்பது இன்றும் திரட்சியாலேயே. 1956-இல் அமெரிக்காவின் சிங்கரும் பிளாட்சும் கிருமிக்கும் குருதி அணுவுக்கும் பதிலாக நுண்ணிய செயற்கை மணிகளின்மேல் பொருளைப் பூசித் திரட்டும் முறையை மூட்டுவாத நோய்க்கெனக் கண்டனர். அதன்பின் எந்தப் பொருளையும் மணியிற் பூசித் திரட்சி பார்க்கலாம் என்றாயிற்று. மின்சாரமும் பெரிய கருவிகளும் இல்லாத சிற்றூர் மருத்துவமனைகளில், கண்ணாடித் தகட்டில் இரண்டு சொட்டுகளைக் கலந்து வெளிச்சத்திற்குச் சாய்த்துப் பார்க்கும் தொழிலாளர் இன்றும் உண்டு. அவர்கள் கையாளும் புரோட்டியசுப் புட்டிகளுள் ஒன்றின் மேல் 'ஓ எக்ஸ் கே' என்று அச்சிட்டிருக்கும். அதன் கடைசி எழுத்து, கோலாலம்பூருக்குப் புட்டியைக் கொண்டுவந்த கிங்ஸ்பரியின் பெயரின் முதலெழுத்து.